முப்பது நாள் தூசி

தூசி அளக்கும் வேலையில் அளப்பவருக்கு வேலை குறைவு. தூசி தானாக விழ வேண்டும், நாம் காத்திருக்க வேண்டும். வாய் அகன்ற ஒரு சாடியை ஆள் உயரத்துக்கு மேலான இரும்புத் தாங்கியில் வைத்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, முப்பது நாள் திறந்த வானத்தின் கீழ் விட்டுவிடுவோம். விழுந்த தூசி மறுபடி காற்றோடு போய்விடாமல் இருக்கத்தான் அந்தத் தண்ணீர். முப்பதாம் நாள் மூடி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினால், ஆய்வுகூடத்தில் வற்றவைத்து, மிஞ்சியதை நிறுப்பார்கள். பட்டம் வாங்கி, இரண்டு வருடம் விண்ணப்பம் எழுதி, கடைசியில் நாலு மாத ஒப்பந்தமொன்றில் ஒட்டிக்கொண்டவராக நீங்களும் இருந்தால், எந்த வேலையானாலும் பயம் ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பிழை விட்டுவிடக் கூடாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே வருவனவற்றில் முதலாவது நான் கண்டதல்ல, கேட்டது. எங்களை ஏற்றித் திரிந்த முச்சக்கரவண்டிக்காரர் அன்ரன் அண்ணன் சொன்னது. அவர் சிலாபத்துக்காரர், எந்தக் கதையிலும் கொஞ்சம் புளி கூடுதலாகக் கரைப்பவர். மற்றவை எல்லாம் நானே கண்டவை. அவற்றில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

கழுவிய சாடி

எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர் மாம்புரியில் ஒரு வீட்டு முற்றத்தில் சாடி வைத்தாராம். அது கடற்கரைக் கிராமம். காற்றடித்தால் மணல் சோற்றுக்குள்ளும் வரும். முப்பதாம் நாள் போய்ப் பார்த்தால், சாடி தாங்கியில் இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, குசினி வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் வீட்டுக்கார அக்கா பால் தேத்தண்ணியும் விசுக்கோத்தும் தட்டில் ஏந்திக்கொண்டு நின்றாராம்.

ஒரு மாதத்துத் தூசி கழிவு நீரோடு போய்விட்டதே என்று அந்த மனிதர் தலையில் கை வைத்தபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். அன்ரன் அண்ணன் அந்த அக்காவின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்: "ஒப்பீஸ்ல இருந்து ஆக்கள் வாற நாளில ஊத்தச் சாடியையா தம்பி எடுத்துக் குடுக்கிறது? எங்களுக்கு வெக்கம் இல்லையா?"

ஏணி

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வாப்பா புத்தளம் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் நாட்கூலிக்கு நிற்கிறார். எனக்கு வேலை கிடைத்த அன்று தில்லையடியில் எங்கள் ஒழுங்கை முழுவதும் "மகளுக்கு சுற்றாடல் ஒப்பீஸர் வேலை" என்று சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. வேலையின் பெயர் "களத் தரவு உதவியாளர்" என்று இருந்தது. அதில் ஒப்பீஸர் எங்கும் இல்லை.

முதல் நாள் சாடி வைக்க ஏணியில் ஏற வேண்டும். அபாயாவுக்குள் காற்சட்டை போட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் எதிரே தேத்தண்ணிக் கடையில் ஐந்தாறு பேர் கோப்பையை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஏணியைப் பிடித்திருந்த அன்ரன் அண்ணன் மரியாதைக்காக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பியதும் ஏணி ஆடத் தொடங்கியது. "அண்ணன், ஏணியப் பாருங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பாமலே சொன்னார்: "நான் ஏணியப் பாத்தா நீங்க கூச்சப்படுவீங்க, ரோட்டப் பாத்தா நீங்க விழுவீங்க. ரெண்டில ஒண்டச் சொல்லுங்க தங்கச்சி."

நாலாவது இடம்

மொத்தம் நாலு இடங்களில் சாடி வைக்க வேண்டும். நாலாவது, முந்தலில் இருந்து கடல்நீர்க் களப்புப் பக்கம் போகும், செம்மண் சரளை போட்ட ஒரு கிரவல் பாதையோரம். ஒரு காலத்தில் இறால் வளர்த்த குளங்கள் அங்கே கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. மழை பொய்த்த அந்த வருடத்தில் அவற்றின் தரை வெடித்து, உப்பு வெள்ளை பூத்து, மேற்கே இருந்து கச்சான் காற்று எழும்பினால் மாவு போலப் பறந்தது. அது போதாதென்று ஒரு கட்டுமான வேலைக்கு மண் ஏற்றும் லொறிகள் நாள் முழுவதும் அந்தப் பாதையால் ஓடின. வெள்ளைத் தூசி ஓய்ந்தால் சிவப்புத் தூசி.

பாதைக்கு மிகக் கிட்ட இருந்தது ரமீஸா ராத்தாவின் வீடு. கணவர் கொழும்பில் ஒரு கடையில் நிற்பவர். மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் ராத்தாவும், நாலு ஆடுகளும், ஓலை காய்ந்து தொங்கும் பத்துத் தென்னைகளும். ஹனா என்று ஏழு வயது மகள் இருந்தாள். லொறி ஓடத் தொடங்கியதில் இருந்து அவளுக்கு மூச்சு முட்டு இழுத்தது. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மூச்சுக்கு ஒரு பம்ப் எழுதிக்கொடுத்து, தூசிக்குள் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம். பிள்ளையைத் தில்லையடியில் இருக்கும் தங்கையிடம் விட்டுவிட்டு ராத்தா தனியாக இருந்தார்.

இந்த அளவை எதற்கு என்று வீட்டாருக்கு விளக்க வேண்டும் என்பது விதி. விளக்கினேன். தூசி எல்லையைத் தாண்டினால், அந்தக் கட்டுமான வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் லொறிகளைக் குளங்களுக்கு அப்பால் உள்ள மற்றப் பாதையால் அனுப்ப வேண்டும். தாண்டாவிட்டால், இன்னும் இரண்டு வருடம் இதே பாதைதான். கையெழுத்துப் படிவத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. சாடியையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "எவ்வளவு விழணும் மகள், என்ட புள்ள ஊட்டுக்கு வாறத்துக்கு?"

வற்றக் கூடாது

பத்தாம் நாள் போனேன். சாடியில் தண்ணீர் அடியில் ஒரு படலமாக மட்டும் நின்றது. அந்த வெயிலில் வேறெப்படி இருக்கும்? மழைக்காலத்துக்கு எழுதிய கணக்கை வைத்து எனக்குத் தண்ணீர் தந்திருந்தார்கள். பத்து நாளைக்கு ஒருமுறைதான் எனக்கு வண்டிக்கூலி. ஆகவே கையில் இருந்த, காய்ச்சி வடித்த தண்ணீர்க் கானை ராத்தாவிடம் கொடுத்து, சின்ன ஏணியையும் விட்டுவிட்டு, "குறையக் குறைய ஊத்துங்க ராத்தா. வத்தவே கூடாது. வத்தினா விழுந்த தூசி எல்லாம் காத்தோட போயிடும்" என்றேன்.

அவர் கானைத் தூக்கிப் பார்த்தார். "இது என்ன தண்ணி?" என்றார். "சுத்தமான தண்ணி. ஒண்டுமே கலக்காதது" என்றேன். "குடிக்கலாமா?" என்று கேட்டார். "குடிக்கலாம், ருசிதான் இல்ல" என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். இந்தத் தண்ணீர் முடிந்தால் வேறு எதையும் ஊற்றாதீர்கள், எனக்குப் போன் எடுங்கள் என்று சொல்லவில்லை. சாடியின் மூடியை மூன்று முறை சரிபார்க்கிற நான் அந்த ஒரு வசனத்தை மறந்தேன். ராத்தா என் முகத்தைப் பார்த்துத் தேற்றினார்: "நீங்க பயப்பட வேணாம் மகள். ஆட்டுக்குத் தண்ணி வைக்க மறந்தாலும் இதுக்கு மறக்க மாட்டன்."

பவுசர்

அந்தப் பக்கக் கிணறுகள் எல்லாம் உவர். குடிதண்ணீர் பவுசரில், தாங்கி பூட்டிய தண்ணீர் லொறியில், வரும். வரும் என்றால், வருகிற நாளில் வரும். ஒருநாள் நாங்கள் போனபோது பாதையோரம் கான்கள் நீளமாக வரிசையில் நின்றன; ஆட்கள் மரநிழலில். கொந்தராத்துக்காரரின் மேற்பார்வையாளர் ஒருவர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, தூசிக்கு ஒரு வழி இருக்கிறது, நாளுக்கு இரண்டு தடவை பாதைக்குத் தண்ணீர் தெளித்தால் போதும், அதற்கு ஒரு பவுசர் பேசலாம் என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

பாதைக்கு நாளுக்கு இரண்டு தடவை பவுசர். வரிசையில் கான் வைத்தவர்களுக்கு மூன்று நாளாக ஒருதடவைகூட இல்லை. மேற்பார்வையாளருக்கே அது பிறகுதான் விளங்கியது போல, தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டார். நிழலில் இருந்த ஒரு மாமி முந்தானையால் வாயைப் பொத்தியபடி பக்கத்தில் இருந்தவரிடம் உரக்கச் சொன்னார்: "ரோட்டுக்குத் தாகமாம், கேட்டீங்களா? அப்ப ரோட்டையும் கான் எடுத்துட்டு வந்து வரிசையில நிக்கச் சொல்லுங்க."

லொறிக்காரர்

ஒரு லொறி பழுதாகிச் சாடிக்குப் பக்கத்திலேயே நின்றது. சாரதி இறங்கி வந்து அன்ரன் அண்ணனிடம் சிங்களத்தில் தீப்பெட்டி கேட்டார். பெரிய வயது இருக்காது; ஆனால் புருவம், மீசை, கண்மடல் எல்லாம் சிவந்த தூசி படிந்து வயதாகித் தெரிந்தார். பேசுவதற்குள் இரண்டு தடவை இருமினார். கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் தூசி குறையுமே என்று அண்ணனைக் கொண்டு கேட்டேன்.

அவர் நீளமாகப் பதில் சொன்னார். கையைச் சாடியை நோக்கி நீட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். அண்ணன் எனக்காகச் சுருக்கினார்: "மெதுவாப் போனா முதலாளி ஏசுறாராம், வேகமாப் போனா ஊர் ஏசுதாம். அந்தச் சாடிய முப்பது நாள் தன்ட சீட்டுக்குப் பக்கத்தில வைக்கேலுமா எண்டு கேக்கிறார்."

பொதி

நான் தில்லையடிக்காரி என்று தெரிந்த நாளில் இருந்து ரமீஸா ராத்தா ஹனாவுக்கு என்று என் கையில் ஏதாவது கொடுத்தனுப்புவார். ஒருமுறை ஒரு சோடி காலுறை. ஒருமுறை அவித்த முட்டை, பொலித்தீன் பையில். இப்படிக் கொண்டு போவது சரியா என்று எனக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. அளக்கப் போகிற வீட்டோடு இவ்வளவு பழகலாமா? ஆனால் முட்டையை எப்படி மறுப்பது?

ராத்தாவின் தங்கை, ஹனாவின் சாச்சி, அவர் வீடு எங்கள் ஒழுங்கையில் இருந்து பத்து நிமிட நடை. அது சின்ன வீடு. ஹனா நடு அறையில் சாச்சியின் இரண்டு பிள்ளைகளோடு படுப்பாள். நான் போகும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். பொதியைப் பிரிக்க மாட்டாள், மூக்கருகே வைத்துக்கொள்வாள். மூன்றாவது தடவைதான் என்னோடு கதைத்தாள். உம்மா ஒரு வெள்ளிக்கிழமை அவளை ஒருநாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனதாகவும், தன்னை ஏணியில் ஏற்றிச் சாடியைக் காட்டச் சொல்லிப் பார்த்ததாகவும், அதில் பாதிகூட இல்லை என்றும் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நிறைஞ்சா நான் போகலாம் எண்டு உம்மா சொன்னாங்க. மிஸ், பெரிய சாடி ஏன் வச்சீங்க?"

வெள்ளை

முப்பதாம் நாள் எல்லாச் சாடிகளையும் மூடி, நாடா ஒட்டி அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து ஆய்வுகூடத்தில் இருந்த பெண் போன் எடுத்தார். மூன்று இடங்கள் எல்லைக்குள். நாலாவது எல்லையை எங்கேயோ தாண்டிவிட்டது. நான் நின்ற இடத்திலேயே "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். தூசி கூடியதற்கு அப்படிச் சொன்ன ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் ஒரு படமும் அனுப்பினார். கிண்ணத்தில் மிஞ்சியிருந்ததைப் பார்த்ததும் என் சந்தோசம் நின்றுவிட்டது. சிவப்புக் கொஞ்சம் இருந்தது. அதன் மேலும் அடியிலும் தடிப்பாக வெள்ளைப் படிகம். புத்தளத்தில் பிறந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. காய்ந்த குளத்தில் இருந்து பறந்த உப்புத் தூசியாகவும் இருக்கலாம் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் நான் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய அளவைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி நிரப்பாமல் இருந்தது: சாடியில் வெளியில் இருந்து ஏதும் சேர்க்கப்பட்டதா? அதை நிரப்பாமல் அனுப்ப என்னால் முடியவில்லை. மறுநாள் அன்ரன் அண்ணனோடு போனேன்.

ரமீஸா ராத்தா எதையும் மறைக்கவில்லை. நான் கொடுத்த கான் பத்து நாளைக்கும் போதவில்லையாம். அதற்குள் ஹனா வந்த வெள்ளிக்கிழமை பவுசர் வரவில்லை. பிள்ளை தண்ணீர் கேட்டது. வீட்டில் இருந்த நல்ல தண்ணீர் அந்தக் கானில் மிஞ்சியது மட்டும்தான். அதை அவளுக்கு ஊற்றிக்கொடுத்துவிட்டு, சாடி வற்றக் கூடாதே என்று அன்று தொடக்கம் காலையும் மாலையும் ஏணியில் ஏறி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவந்திருக்கிறார். ஒருநாளும் தவறவில்லை. இருபதாம் நாள் சாடியில் தண்ணீர் இருந்ததைக் கண்டு, எங்கிருந்து என்று கேட்காமல் நானும் திரும்பியிருந்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் குரல் இறங்கிவிட்டது: "நல்ல தண்ணியப் புள்ளைக்குக் குடுத்தன், கிணத்துத் தண்ணியச் சாடிக்கு ஊத்தினன். இதில எது மகள் பிழை?"

கேள்வி

திரும்பும்போது முந்தல் சந்தியில் அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, இரண்டு பிளேன்ரீ வாங்கி வந்தார். படிவம் என் மடியில் இருந்தது. "இல்லை" என்று எழுதினால் லொறி மற்றப் பாதையால் போகும். ஹனா வீட்டுக்குப் போவாள். ஒருவருக்கும் தெரியவராது. தெரிந்த மூன்று பேரில் ஒருவர் அந்தத் தாய், ஒருவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த எடையில் எவ்வளவு தூசி, எவ்வளவு கிணறு என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதுவதுதான் பொய் என்று நாலு வருடம் படித்திருக்கிறேன். அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், பயமும் இருந்தது. பிடிபட்டால் எனக்கு இனி யார் வேலை தருவார்? வாப்பா ஒழுங்கையில் எப்படி நடப்பார்? நேர்மை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று அதையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "ஆம்" என்று எழுதினேன். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்: "அந்த ரோட்டில எவ்வளவு தூசி எண்டு எனக்கு மூக்கால தெரியும், உங்களுக்குக் கண்ணால தெரியும். இல்ல எண்டு எழுதினா ஆருக்கு நட்டம் தங்கச்சி, தூசிக்கா?"

பாராட்டு

கொழும்பில் இருந்து எங்கள் மேலதிகாரி, சேர், போனில் பேசினார். படிவத்தைப் பார்த்தாராம். இப்படி ஒளிக்காமல் எழுதுகிற ஆட்கள் இந்தக் காலத்தில் குறைவு என்றார். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, அந்த வீட்டில் மட்டும் மறுபடி முப்பது நாள் வைக்கலாமா, வண்டிக்கூலி வேண்டாம், நானே பஸ்ஸில் போகிறேன் என்று கேட்டேன்.

திட்டத்தின் நாட்கள் முடிந்துவிட்டனவாம். அறிக்கை அந்த வாரமே போக வேண்டுமாம். அவர் கெட்ட மனிதர் அல்ல. நான் மறுபடியும் கேட்டதும், நல்ல சான்றிதழ் ஒன்று தருகிறேன் என்றார், பிற்பாடு தந்தும் விட்டார். போனை வைக்கும் முன் யாரோ பக்கத்தில் கேட்டதற்குப் பதில் சொல்வது போல, நிம்மதியாகச் சொன்னார்: "அப்ப நாலாவது வீட்ட விட்டுருங்க. மற்ற மூண்டும் எல்லைக்குள்ளதானே, அப்ப எல்லாம் ஓகே."

சொன்ன நாள்

அறிக்கையின் முடிவை வீட்டாருக்கு நேரில் சொல்வது என் வேலையில் இல்லை. ஆனாலும் போனேன். லொறிகள் அதே பாதையால் போய்க்கொண்டிருந்தன. ராத்தா முற்றத்தில் தண்ணீர் தெளிக்காமல், காய்ந்த தென்னோலையால் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டிய இடத்தில் அடுத்த லொறியின் தூசி வந்து உட்கார்ந்தது. எனக்குக் கதிரை எடுத்துப் போடும் முன் ஒரு தடவை துடைத்து, நான் உட்காரும் முன் இன்னொரு தடவை துடைத்தார்.

பிழை என்னுடையது, வேறு தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நான்தான் சொல்லவில்லை என்று சொன்னேன். தண்ணீரில் உப்பு இருந்ததால் உங்கள் வீட்டு அளவைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். சாடித் தாங்கி நின்ற இடத்தில் நிலத்தில் நாலு பள்ளம் இருந்தது. அதைக் காலால் மூடியபடி, மெதுவாகக் கேட்டார்: "அப்ப புள்ளைக்கு வந்த முட்டும் கணக்கில வராதா மகள்?"

பிறகு பார்த்தது

புது வருடத்தில் ஹனாவைத் தில்லையடிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். ராத்தா வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து, அஸர் தொழுகைக்கு முன் திரும்பிப் போய்விடுகிறார்; ஆடுகளுக்கு ஆள் இல்லை. ஹனாவை வழியில் காண்கிறேன். சலாம் சொல்கிறாள். வேறொன்றும் கேட்பதில்லை.

ஒப்பந்தம் முடிந்து இன்னொரு நேர்முகத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, தூசிச் சாடி பற்றிய முறைக் குறிப்பை முதல் தடவையாக முழுதாக வாசித்தேன். எங்களுக்குத் தந்திருந்தது இரண்டு பக்கச் சுருக்கம். முழுக் குறிப்பில், சாடித் தண்ணீரை முதலில் வடிதாளில் வடித்து, தாளில் தங்கியதைத் தனியாகவும் கரைந்து போனதைத் தனியாகவும் நிறுக்கலாம் என்று இருந்தது. கிணற்று உப்பு தண்ணீரோடு இறங்கிப் போயிருக்கும். லொறிப் பாதையின் சிவப்புத் தூசி தாளில் இருந்திருக்கும். அது எல்லையைத் தாண்டியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நிறுத்துப் பார்த்திருக்கலாம் என்கிறேன். காய்ந்த கிண்ணத்தில் மறுபடி தண்ணீர் ஊற்றி வடித்திருந்தாலே போதும். ஓடிப்போய் ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெண் நல்லவிதமாகவே பதில் சொன்னார்: "அது அப்பவே கொட்டியாச்சு மிஸ். கணக்கில இல்லாதத வைக்க எங்களுக்கு இடமேது?"

உப்பு தண்ணீரில் கரையும், தூசி கரையாது, வடித்தால் இரண்டும் பிரியும் என்பதைப் பிறகு எதற்கும் சரிபார்த்துக்கொண்டேன்: அது பட்டப்படிப்பில் அல்ல, பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கிறது, ஹனா அதைத் தில்லையடியில் படிப்பாள்.